பெரிய வண்டியும் பொதுச் சாலையும்

ஒரு பாதையில் பலர் சேர்ந்து செல்லும்போது, அவர்களுள் எவனுடைய தவறு பிறரை அதிகமாகத் தாக்குமோ அவனே அதிக ஜாக்கிரதையுடன் நடந்துகொள்ள வேண்டும் என்பது, சட்டப் புத்தகங்கள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே மனிதனுடைய நியாய உணர்வில் வேரூன்றிவிட்ட விதி. சைக்கிளில் செல்பவன் தடுமாறினால் பெரும்பாலும் அவனுடைய முழங்கால் சிராய்ப்போடு போய்விடும். முப்பது டன் எடையுடன் விரைந்து செல்லும் லாரியின் ஓட்டுநர் ஒரு க்ஷணம் கண்ணயர்ந்தாலோ, எதிரே மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒரு குடும்பமே இல்லாமற் போகும். ஆகவே சாலையில் செல்லும் உரிமை அனைவருக்கும் சமமேயாயினும், பொறுப்பு அனைவருக்கும் சமமாகாது. லாரி ஓட்டுநர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் நோக்கத்துடன் இதை நான் எழுதவில்லை. அந்தப் பெரும் பொறுப்பை நிறைவேற்றுவதற்கு இன்றியமையாததாகிய நேரத்தை அவர்களுக்கு நாம் கொடுக்கிறோமா என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

மத்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்த நாட்டில் நிகழ்ந்த 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே அவ்வாண்டு முதலிடத்தில் நின்றது. இங்கு நிகழ்ந்தவை 64,105. மாண்டவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். 19 பேருக்கு மேற்பட்டோர் கால்நடையாகச் சென்றவர்கள். அதாவது, தம்மைச் சுற்றி ஒரு தகட்டுச் சுவர்கூட இல்லாமல் சாலைக்கு வருகிறவர்களே சாகிறவர்களில் பெரும்பாலோர். இந்த மரணங்கள் யாவற்றுக்கும் லாரிகளே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இத்தகைய மனிதர்கள் நிறைந்த சாலையில்தான் ஒவ்வொரு லாரியும் நாள்தோறும் ஓட வேண்டியிருக்கிறது என்பதை எந்த ஓட்டுநரும், அவரை அனுப்பி வைக்கும் எந்த முதலாளியும் மறப்பதற்கில்லை.

கனரக வாகனத்தின் முதன்மையான சுபாவம், நினைத்த இடத்தில் அது நில்லாது என்பதாகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடுகிறது. அபாயத்தைக் கண்ட கண் அதை மனத்துக்கு உணர்த்தி, மனம் காலுக்கு ஆணையிட்டு, கால் பிரேக்கை அடைவதற்கு நல்ல விழிப்புள்ள மனிதனுக்கே ஒன்றரை விநாடி வரையில் செல்லும். அதன் பிறகும், லாரியின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குவதாகையால், குழாய்களின் வழியே அந்த அழுத்தம் பின் சக்கரங்களை எட்டுவதற்கு இன்னும் ஒரு சிறு அவகாசம் வேண்டும். இவ்வாறு பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குள்ளாகவே முப்பது மீட்டர் கழிந்துவிட, பிடித்த பிறகும் அவ்வளவு தூரமோ அதற்கு மேலோ ஓடித்தான் வண்டி நிற்கிறது. வேகம் 80 ஆக இருந்தால் மொத்தத் தூரம் நூறு மீட்டரைத் தாண்டிவிடுவது சகஜம். நான்கு வழிச் சாலையில் சரக்கு வாகனங்களுக்கு 80 கிலோமீட்டர் என்றும் சாதாரணச் சாலையில் 60 என்றும் 2018-இல் அரசு விதித்த எல்லைகள், நல்ல வெளிச்சத்தில், உலர்ந்த சாலையில், தேயாத டயருடன் செல்லும் வண்டிக்குரியவை. மழை தூறி, தாரின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு மிதக்கும் முதல் அரை மணி நேரத்தில் அதே எல்லையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது விவேகமாகாது.

சுமையின் தன்மையும் வண்டியின் குணத்தை மாற்றிவிடுகிறது. பாதி நிரம்பிய டேங்கர், முழுதும் நிரம்பிய டேங்கரைவிட ஆபத்தானது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். உள்ளே இருக்கும் திரவம் வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வண்டி நிமிர முயலும்போது மறுபக்கம் மோதித் திரும்புகிறது. பால் டேங்கர்களில், கழுவிச் சுத்தம் செய்வதற்கு வசதியாக உட்தடுப்புகள் இல்லாமலே கலங்களை அமைப்பது வழக்கமாதலால், அந்த அலையின் பலம் அவற்றில் அதிகம். வெறும் வண்டியோ வேறு விதமானது. பின் அச்சில் பாரம் இல்லாமையால், பலமாகப் பிரேக்கை மிதித்தால் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கும். லோடு இறக்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று எண்ணித் திரும்பும் வழியில் வேகத்தைக் கூட்டுகிறவர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பெரிய வண்டியின் ஆசனத்தில் அமர்ந்தவருக்குத் தம்மைச் சுற்றியுள்ள உலகத்தில் ஒரு பகுதி கண்ணுக்கே தெரிவதில்லை. உயரமான கேபினின் முகப்புக்கு மிக அருகில் நிற்கும் சிறுவன், இடப்புறக் கதவை ஒட்டி வந்து நிற்கும் ஸ்கூட்டர், பின்பலகைக்கு நேர் பின்னால் வரும் கார் ஆகிய இவை, கண்ணாடிகளைச் சரியாக வைத்திருந்தாலும்கூட மறைந்துவிடக்கூடியவை. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால் இடப்பக்கமே அவருக்குப் பெரும் இருட்டு; இரு சக்கர வண்டிகள் புகுவதும் அந்தப் பக்கத்திலேயே. சந்திப்பில் இடப்புறம் திரும்ப வேண்டிய நீண்ட வண்டி, பின் சக்கரங்கள் நடைபாதையில் ஏறாதிருக்கும் பொருட்டு முதலில் சற்று வலப்புறம் ஒதுங்குகிறது. அப்போது இடப்பக்கம் உண்டாகும் வெற்றிடத்தைத் தனக்கு விடப்பட்ட வழியென்று கருதி ஒரு மோட்டார் சைக்கிள் உள்ளே நுழைகிறது. முன் சக்கரங்கள் சென்ற வட்டத்தைவிட உள்ளடங்கிய வட்டத்தில் பின் சக்கரங்கள் வந்து அந்த இடத்தையே அடைத்துவிடுகின்றன. நகரங்களில் நிகழும் கோர மரணங்களில் எத்தனையோ இந்த ஒரே விதத்தில் நிகழ்ந்தவை. திரும்புவதற்கு முன் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, இன்டிகேட்டரைப் போதிய நேரம் முன்னதாகவே போட்டு, இடப்பக்கக் கண்ணாடியை ஒரு முறை பார்த்த பிறகும் திரும்பும் நடுவில் இன்னொரு முறை பார்ப்பது, ஓட்டுநருக்கு மூன்று நான்கு விநாடி வேலை.

முன்காலத்தில் இந்த இருட்டுக்கு ஒரு விளக்கு இருந்தது. அது கிளீனர் என்று அழைக்கப்பட்ட பையன். இடப்பக்க ஜன்னலில் தலையை நீட்டி, "லெஃப்ட்ல வண்டி, நிறுத்துங்கண்ணே" என்று குரல் கொடுத்தவன், பின்னோக்கி எடுக்கும்போது இறங்கி நின்று "வரலாம், வரலாம்" என்று வழி காட்டியவன், மேட்டில் நிறுத்தினால் ஓடிப்போய் டயருக்குக் கட்டை வைத்தவன் அவனே. அவன் ஓட்டுநரின் கீழ் தொழில் கற்ற சீடனுமாவான். செலவு மிச்சம் என்று கருதி, இன்று பல வண்டிகளில் அவனை எடுத்துவிட்டார்கள். அவன் இருந்த இடத்தில் வேறொருவனும் இல்லை; ஒரு காமெராவும் இல்லை.

சாலையோரத்து மனிதர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். வேகமாகக் கடந்து செல்லும் லாரி தன் பக்கவாட்டில் காற்றை முதலில் தள்ளிப் பிறகு உள்ளே இழுக்கிறது. அந்த இழுப்பில், ஓரத்து மணலில் ஓடும் சைக்கிளோ, பின்னிருக்கையில் பெண்ணொருத்தி ஒருபுறமாக அமர்ந்திருக்கும் ஸ்கூட்டரோ தடுமாறக்கூடும். ஆகையால் அவர்களைக் கடக்கும்போது ஓர் ஆள் படுக்குமளவாவது இடைவெளி விட வேண்டும். எதிரே வண்டி வருவதால் அவ்வளவு இடம் இல்லையென்றால், இடம் கிடைக்கும் வரையில் பின்னாலேயே செல்ல வேண்டும். ஏர் ஹாரனை அவர்கள் முதுகுக்குப் பின்னால் முழக்குவது எச்சரிக்கை ஆகாது. வயதானவர் ஒருவர் அந்த ஒலியில் திடுக்கிட்டு வண்டியின் பாதையிலேயே திரும்பி விழுந்துவிடக்கூடும். பல குரலில் ஒலிக்கும் ஹாரன்களை மோட்டார் வாகன விதிகள் தடை செய்திருப்பதற்கு இதுவும் போதிய நியாயமாகும்.

தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களில் பழனியை நோக்கிச் செல்லும் சாலைகளிலும், ஆகஸ்டுக் கடைசியில் வேளாங்கண்ணிக்குச் செல்லும் கடற்கரைச் சாலையிலும் இரவெல்லாம் ஜனங்கள் நடக்கிறார்கள். வெயிலுக்கு அஞ்சி இரவிலே நடக்கும் அவர்கள், களைப்பினால் வரிசை குலைந்து, முள்ளும் கல்லுமான ஓரத்தை விட்டு வெறுங்காலுக்கு இதமான தார்ச் சாலையின் மேலேயே வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய பைகளிலும் முதுகிலும் போலீஸார் ஒளிரும் பட்டைகளை ஒட்டுவது நல்ல காரியம். ஆனால் எதிரே வரும் வண்டிகள் விளக்கைத் தாழ்த்தாமல் வந்தால், கண் கூசிய ஓட்டுநருக்கு அந்தப் பட்டையும் தெரியாது. அத்தகைய நாட்களில் அத்தகைய சாலைகளில் லாரியை 40-க்கு மேல் ஓட்டாதிருப்பதையும், கூடுமானால் வேறு வழியாகச் செல்வதையும் புக்கிங் ஆபீஸிலேயே தீர்மானித்து அனுப்ப வேண்டும். நள்ளிரவில், தனியாக, நேரம் தவறிவிட்டதே என்ற தவிப்புடன் வரும் ஓட்டுநர் அதைத் தாமே தீர்மானிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாயில் தேசிய நெடுஞ்சாலை 44 இறங்கும் இடத்தை அறியாத லாரி ஓட்டுநர் தென்னாட்டில் இல்லை. கட்டமேட்டிலிருந்து இரட்டைப் பாலம் வரையிலான அந்த இறக்கத்தில் எத்தனையோ வண்டிகள் கட்டுப்பாட்டை இழந்து, முன்னால் சென்ற கார்களையும் லாரிகளையும் நசுக்கியிருக்கின்றன. ஏறும் கியரிலேயே இறங்கவும் வேண்டும் என்பது தொழில் தெரிந்த பழைய ஓட்டுநர்கள் கற்றுக்கொடுத்த விதி. எஞ்சினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டால் பிரேக்குக்கு வேலை குறையும். இதற்கு மாறாக, சிறிதளவு டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டுவிட்டால், முழுப் பாரமும் பிரேக்கின் மேலேயே விழுகிறது. டிரம் சூடேறி, லைனிங் தன் பிடியை இழந்து, மிதிக்க மிதிக்கப் பயனில்லாமற் போகிறது. இந்த டீசல் மிச்சத்தின் பின்னால் பெரும்பாலும் ஓட்டுநரின் பேராசை இல்லை. இத்தனை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குக் கேட்கும் முதலாளி, குறைந்ததை அவருடைய பேட்டாவிலிருந்து பிடித்துக்கொள்ளும் வழக்கம் உள்ள இடங்களில், அந்த மலைச்சரிவில் கியரை விடுவிப்பது ஓட்டுநரின் கை மட்டும் அன்று.

ஓடும் லாரியைப் போலவே நின்ற லாரியும் கொல்லும். பழுதாகியோ, உறக்கத்தின் பொருட்டோ, தேநீருக்காகவோ இரவில் நெடுஞ்சாலையின் ஓரத்தில், பாதி உடல் சாலையிலேயே இருக்கும்படி நிறுத்தப்பட்ட வண்டியின் மேல், பின்னால் விரைந்து வந்த கார் மோதி அதன் அடியில் புகுந்துவிட்டது என்ற செய்தியை நாம் எத்தனை காலையில் படித்திருக்கிறோம்! பின்புறம் சிவப்பும், பக்கங்களில் மஞ்சளும், முன்புறம் வெள்ளையுமாக ஒளிரும் பட்டைகள் ஒட்டப்பட வேண்டும் என்பதும், கார் அடியில் புகாதவாறு பின்னால் காப்புச் சட்டம் பொருத்த வேண்டும் என்பதும் விதி. விதிக்காகப் பொருத்திய மெல்லிய குழாய் மோதலைத் தாங்காது. சேறு படிந்த பட்டை ஒளிராது. பழுதான வண்டிக்குப் பின்னால் நாலு கல்லையும் ஒரு மரக்கிளையையும் போட்டுவிட்டு, வண்டி சரியானதும் அவற்றை அங்கேயே விட்டுச் செல்லும் வழக்கத்தை அடியோடு ஒழிக்க வேண்டும். ஒளிரும் முக்கோணத்தைக் குறைந்தது ஐம்பது மீட்டர் பின்னால் வைப்பதற்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் தூக்கம் வந்த ஓட்டுநர் எங்கே போய் நிறுத்துவார்? விளக்கும் தண்ணீரும் கழிப்பிடமும் காவலும் உள்ள நிறுத்துமிடங்கள் சுங்கம் வாங்கும் சாலைகளிலேயே போதுமான அளவில் இல்லை. டீசலும் தார்ப்பாயும் திருட்டுப் போகும் என்ற பயத்தினால், வெளிச்சமுள்ள சாலையோரக் கடையின் முன்பே அவர் நிறுத்துகிறார்.

இங்கேதான் நேரம் என்ற பிரச்சினை வந்து நிற்கிறது. ஒரு நாளில் எட்டு மணி நேரமும் ஒரு வாரத்தில் 48 மணி நேரமும் வேலை, தொடர்ந்து ஐந்து மணி நேர உழைப்புக்குப் பின் அரை மணி நேர ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் விதித்தது; 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் அந்த அளவையே ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஐந்து தொழிலாளர்களுக்குக் குறைவாக வைத்திருக்கும் நிறுவனங்களை 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தீண்டவில்லை. நம் நாட்டு லாரிகளிலோ பெரும்பகுதி, ஒன்றிரண்டு வண்டிகளைக் கடனில் வாங்கி ஓட்டும் சிறு உடைமையாளர்களுடையவை. 2018-ஆம் ஆண்டில் சரக்கு வாகனங்களின் அச்சுப் பாரத்தின் அளவை அரசு உயர்த்தியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாயிற்று, மிகப் பெரிய டிரெய்லர்களுக்கு 49 டன் 55 டன்னாயிற்று. அதே ஆண்டில், தேசியப் பர்மிட் பெற்ற வண்டியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் நீக்கப்பட்டது. பாரம் கூடிய ஆண்டிலேயே அதைச் சுமந்து செல்லும் மனிதர்கள் பாதியானார்கள். வர்த்தகத்துக்கு இதனால் உண்டான லாபத்தை நான் மறுக்கவில்லை. அந்த லாபம் யாருடைய உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை மறைக்கவும் நான் தயாராக இல்லை.

ஐரோப்பிய நாடுகளில் லாரி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிஷம் நிறுத்தியாக வேண்டும். பொதுவாக ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது. வண்டியில் பொருத்திய கருவி அதைப் பதிவு செய்கிறது. நம் ஊரிலும் வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி பல லாரிகளில் இருக்கிறது. ஓட்டுநர் கண் மூடிய இருபதாவது நிமிஷம் "ஏன் வண்டி நிக்குது?" என்று தொலைபேசியில் கேட்பதற்கு அது பயன்படுகிறது, அவர் எத்தனை மணி நேரமாக உறங்கவில்லை என்பதைக் கணக்கிடவும் அதே கருவியே போதும். சில மாவட்டங்களில் போலீஸார் பின்னிரவில் வண்டிகளை நிறுத்தி, ஓட்டுநர்களை இறங்கி முகம் கழுவச் செய்து அனுப்பினார்கள். அது கருணையுள்ள ஏற்பாடுதான். ஆனால் பின்னிரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே உடல் கேட்கும் உறக்கத்துக்குப் பதிலாகத் தண்ணீரும் தேநீரும் கொடுத்து அதை ஏமாற்றிவிட முடியாது. நகரத்துத் தண்ணீர் லாரிகளிலும், ஜல்லியும் மணலும் ஏற்றும் டிப்பர்களிலும் டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வழக்கமும் ஓட்டுநரை அவசரப்படுத்துவதே. வேகத்துக்கே கூலி கொடுத்துவிட்டுப் பிறகு வேகத்துக்கு அபராதமும் விதிப்பதில் நியாயம் இல்லை. மாதச் சம்பளம் கொடுங்கள். பள்ளிக்கூட வாசலில் அந்த வண்டிகளின் போக்கே மாறும்.

தண்டனையைக் கடுமையாக்கினால் போதும் என்று கருதுவோர் உண்டு. விபத்தை உண்டாக்கிப் போலீஸாருக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சம்ஹிதையின் 106-ஆம் பிரிவில் எழுதப்பட்டதும், 2024 ஜனவரித் தொடக்கத்தில் ஓட்டுநர்கள் பல மாநிலங்களில் வண்டிகளை நிறுத்தினார்கள். அவ்வாண்டு ஜூலை 1-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. அடிபட்டவரை விட்டு ஓடுவது மனிதத் தன்மை அன்று. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கூட்டம் கூடி ஓட்டுநரை அடித்து நொறுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கும் வரையில், ஓட்டுநரின் பயமும் மெய்யானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவே, ஜனத்திரளின் ஆவேசத்தால் உதவ இயலாத நிலைமையை விலக்காகக் கூறுகிறது. அடிபட்டவரைக் காப்பாற்ற விரும்பும் ஓட்டுநரை அங்கே நிற்க விடுவது, சுற்றி நிற்கும் நம் கடமை.

நற்பயிற்சி இல்லாமல் சாலையில் பாதுகாப்பும் உண்டாகாது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியைப் போன்றவை ஒவ்வொரு மண்டலத்திலும் வேண்டும்; நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் ஊர்களில் அவை முதலில் வேண்டும். 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்ற விதி காலம் கடந்து வந்தது என்றாலும் வரவேற்கத்தக்கது. நாற்பது டிகிரி வெயிலில் எஞ்சினின் அனலோடு பத்து மணி நேரம் அமர்ந்தவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது கடினம். கண் பரிசோதனையை உரிமம் புதுப்பிக்கும் நாளில் மட்டும் செய்யாமல், ஆண்டுதோறும் முதலாளியின் செலவில் செய்விக்க வேண்டும்.

சிறிய வண்டியில் செல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. அதன் முன்னால் அவர் விட்டிருக்கும் வெற்றிடம் அவர் நிற்பதற்குரிய இடம். அதில் புகுந்து பிரேக் பிடிக்காதீர்கள்.

சரக்கு அனுப்புகிறவர்களையும், லாரி உடைமையாளர்களையும் நான் வேண்டிக்கொள்வது இவையே. சேலத்திலிருந்து புறப்படும் வண்டி எந்த ஊருக்கு எந்த நேரத்தில் சேர வேண்டும் என்று எழுதும்போது, ஓட்டுநர் எட்டு மணி நேரம் ஓட்டி, உண்டு, உறங்கி எழும் காலத்தையும் அதே தாளில் எழுதுங்கள். நெடுந்தூர வண்டியில் இரண்டாவது ஆளை மறுபடியும் ஏற்றுங்கள். தாமதமாக வந்த லோடுக்காக ஓட்டுநரின் கூலியில் ஒரு ரூபாயும் பிடிக்காதீர்கள்.